தரையில் கால் வைக்காத சிவமலர் அக்கா

வழிகாட்டியின் தொழிலில் பாதி கதைப்பது. மீதி, பயணிகள் இறங்கி ஏறும்வரை வெயிலில் நிற்பது. வேனிலோ படகிலோ ஆட்களை ஏற்றி ஊர் காட்டித் தொண்டை வறண்டவர்களுக்கு இது தெரியும். ஆனால் இறங்கவே மாட்டேன் என்பவரை என்ன செய்வது? எந்தப் பயிற்சி வகுப்பிலும் அதைச் சொல்லித் தரவில்லை. வழிகாட்டியாக வருமுன் முப்பது வருடம் பத்திரிகையில் ஊர்ச்செய்தி எழுதிய என் அனுபவமும் கைகொடுக்கவில்லை.

காற்றுக்குத் தெரியாதது

போன மாசியில் பருத்தித்துறையிலிருந்து நெடுந்தீவுக்கு ஏழு நாள் பாய்ப்படகுப் பயணம். பயணிகள் இரண்டே பேர்: கனடாவிலிருந்து வந்த சிவமலர் அக்காவும் அவருடைய கணவர் குணம் ஐயாவும். பலாலியில் விமானத்தால் இறங்கி நேரே துறைக்கு வந்திருந்தார்கள். வழியில் நெல்லியடியில் வேன் நின்றபோதுகூட அக்கா கதவைத் திறக்கவில்லையாம்.

காரணத்தை ஏறியவுடனேயே சொல்லிவிட்டார். நெடுந்தீவில் இருப்பவர் அவருடைய மூத்த சகோதரி. தாயின் செத்தவீட்டுக்கு இவர் வரவில்லையென்று எட்டு வருடமாகப் பேச்சில்லை. சமாதானமாகப் போகத்தான் இந்தப் பயணமே. வந்த இடத்தில் மூத்தவர் வீட்டுக்குப் போகமுதல் வேறு வீட்டுப் படி மிதித்தால் அந்தக் கதவு பிறகு திறக்காது. ஆகவே நெடுந்தீவுக்கு முதலில் போகவேண்டும் என்றார். அதுவோ ஏழாம் நாள் இடம். வாடைக்காற்றில் மேற்கே போவது சுகம். அதை எதிர்த்துத் திரும்பி வந்து மற்ற ஊர்களைப் பார்ப்பது நடக்காத காரியம். படகோட்டி ரூபன் பாயைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"அன்ரி, உங்கடை அக்கா மூத்தவ எண்டு காத்துக்குத் தெரியாது."

வடையும் சட்டமும்

அப்படியானால் நெடுந்தீவு வரும்வரை தரையில் கால் வைப்பதில்லை என்று அக்கா முடிவெடுத்தார். அதைக் கேள்விப்பட்ட அவருடைய தங்கை தேவி, பருத்தித்துறையில் ஒரு மீன்பிடிப் படகைப் பிடித்துக்கொண்டு, வடையோடும் சுடுதண்ணிப் போத்தல் நிறையத் தேத்தண்ணியோடும் எங்கள் படகுக்கே வந்துவிட்டார். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஆனால் அக்கா தேத்தண்ணியைத் தொடவில்லை. தங்கை வீட்டுத் தேத்தண்ணி வயிற்றுக்குள் போனால் தங்கை வீட்டுக்குப் போனதாகத்தான் கணக்கு. சட்டம் மருமகன்மாருக்கு இல்லையென்று சொல்லிக் குணம் ஐயா ஐந்து வடை சாப்பிட்டார். தேவி கோப்பையை நீட்டியபடியே நின்றார்.

"அக்கா, இது கடல். என்ரை வீட்டு முற்றம் இல்லை. குடியுங்கோவன்."

கோட்டை விழவில்லை

என் கவலை வேறு. பயணம் முடிந்ததும் பயணிகள் கருத்துப் புத்தகத்தில் எழுதுவதை முதலாளி ஒரு வரி விடாமல் வாசிப்பார். ஒன்றுமே பார்க்கவில்லையென்று அக்கா எழுதினால் அடுத்த பயணத்துக்கு வேறு வழிகாட்டிதான். காங்கேசன்துறைக் கலங்கரை விளக்கத்தை அவர் படகிலிருந்தபடியே பார்த்தார்; பார்த்தது பாதி, மற்றப் பாதி பாய் மறைத்தது.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில், நடுக்கடலில் நிற்கும் கோட்டையை நான் துருப்புச்சீட்டாக வைத்திருந்தேன். சுற்றிவரத் தண்ணீர். சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பிடித்து, பிற்காலத்தில் சிறைச்சாலையாக இருந்தது என்று உருக்கமாக எடுத்துச் சொன்னேன். அக்கா எழுந்து செருப்பையும் மாட்டிவிட்டார். "உள்ளை தேத்தண்ணி குடுக்கிறவையோ தம்பி?" என்று கேட்டார். உபசாரம் என்று நினைத்து, "ஓம், நல்ல தேத்தண்ணி" என்றேன். தேத்தண்ணி தருகிற இடமும் அவர் கணக்கில் ஒரு வீடுதான்; செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். குணம் ஐயா என் தோளில் தட்டினார்.

"இவவைச் சிறையிலை போட்டாலும் தன்ரை அக்காவைக் கேட்டுத்தான் சோறு தின்னுவா. நீர் பாவம்."

நயினாதீவு

அம்மன் கோயில் கோபுரத்தைப் படகிலிருந்தே கும்பிட்டார். கோயிலுக்குமா இறங்கக்கூடாது என்று ரூபன் கேட்டார்.

"அம்மாளுக்குச் சொன்னா விளங்கும் தம்பி. அக்காவுக்கு விளங்காது."

ஏழாம் நாள்

நெடுந்தீவுத் துறை தெரிந்தது. அக்கா சீலையை மூன்று தரம் சரிசெய்தார். மூத்தவர் துறைக்கு வரமாட்டார், வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டவேண்டியிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆனால் துறை முனையில் குடை பிடித்தபடி அவர் நின்றார். பக்கத்தில் இரண்டு ஆண்கள், அவர்களுக்கு நடுவில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை.

அக்கா யாருடைய கையையும் பிடிக்காமல் இறங்கி, நாலு எட்டு நடந்து, முன்னால் போய் நின்றார். மூத்தவர் அவரைக் காலிலிருந்து தலை வரை பார்த்தார்.

"ஒரு இடமும் நீ இறங்கேல்லை எண்டு தேவி ரெலிபோனிலை சொன்னவள். நடக்க ஏலாமல் போட்டுது, ஒளிக்கிறாய் எண்டு நினைச்சிட்டன். கதிரையைக் கொண்டந்தாச்சு. உதிலை இரு."

கல்லுப்போல் நடக்கக்கூடிய சிவமலர் அக்கா மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார். இரண்டு பேர் தூக்க, குடை பக்கத்திலேயே போயிற்று.

ஏழு நாளில் நான் காட்டிய ஓர் இடத்திலும் இறங்காத அந்த ஒரே பயணிதான், கருத்துப் புத்தகத்தில் "எல்லாம் பார்த்தாச்சு, மிக்க திருப்தி" என்று எழுதி என் வேலையைக் காப்பாற்றினார்.