பஸ்ஸின் முதுகுக்குப் பின்னால்

அன்று பஸ் லேனுக்குள் காரை விட்டவன் நான். என் மனைவி அல்ல.

எழுதிவிட்டேன்... இவ்வளவுதான் விஷயம். சொல்ல வேண்டியவளிடம் சொல்லாமல், முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். அதிலேயே என்னைப் பற்றி உங்களுக்குப் பாதி விளங்கியிருக்கும்.

ஒரு போக்குவரத்துத் தண்டத்துக்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தண்டம் கட்டினால் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை!

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து, பாபகூரா என்ற ஊரில் இருக்கிறோம். மனைவி ஜெசிந்தாவுக்கு முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை. எனக்குப் பக்கத்து ஊரான விரியில், பண்டகசாலையில் பெட்டி அடுக்கும் வேலை. வீட்டில் ஒரே கார், அது அவள் பெயரில். மகள் ஷெரினைக் காலையில் பள்ளிக்கூட பஸ் தரிப்பில் கொண்டுபோய் விடவேண்டும். சில நாள் வேலை முடிந்து வந்த கையோடு ஜெசிந்தா கொண்டுபோவாள், சில நாள் நான்.

ஷெரின் ஒருநாளாவது நேரத்துக்குப் புறப்பட்டாளா? தலைமயிரை நேராக்க ஒரு சூட்டுக்கம்பி வைத்திருக்கிறாள். அது சூடாகி, மயிர் நேராகி, அவள் சப்பாத்தைத் தேடி எடுப்பதற்குள் பஸ் போய்விடும். பிறகென்ன, அடுத்த தரிப்பு வரைக்கும் பஸ்ஸைத் துரத்த வேண்டியதுதான்.

துரத்துவது எப்படி? எங்கள் பக்கத்தில் கார்கள் எறும்பு மாதிரி ஊரும். பஸ்ஸோ தனக்கென்று பச்சை பூசிய லேனில், வேறு வாகனம் நுழையக்கூடாத பாதையில், வழுக்கிக்கொண்டு போகும். அந்தப் பாதையைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல் ஏறும். யாருக்காக இதைக் காலியாக வைத்திருக்கிறார்கள்? என் பிள்ளையும் அந்த பஸ்ஸில் போகவேண்டியவள்தானே!

அப்படியான ஒரு காலையில்தான் நுழைந்தேன். பஸ்ஸின் பின்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு போனேன். இவ்வளவு பெரிய பஸ்ஸின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் கமராவின் கண்ணில் படமாட்டோம் என்பது என் கணக்கு. கமராவோ என் முதுகைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது...

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியவேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவன். அப்படிப்பட்டவன் பஸ் லேனுக்குள் போவானா என்று கேட்காதீர்கள். பயந்தவன்தான் போவான். பிள்ளை பிந்திவிடுவாள், பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வரும், அதனால் நான் வேலைக்குப் பிந்துவேன்... ஒரு பயத்திலிருந்து தப்ப இன்னொரு பயத்துக்குள் போய் விழுகிறவன் நான்.

காரின் படம் போட்ட தண்டக் கடிதம் வந்தபோது எனக்கு வந்தது சட்டத்துக்குப் பயந்த பயமல்ல. ஆட்களுக்குப் பயந்த பயம்.

தேவாலயத்தில் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. “இந்தச் சந்தியில் கமரா, கவனம்” என்று அதில் அறிவிக்கிற ஆள் நான்தான். அதற்குக் கொஞ்சம் முன்புதான் ஜெசிந்தாவின் தம்பி இதே பாதையில் மாட்டியிருந்தான். பூசை முடிந்து எல்லோரும் தேநீர்க் கோப்பையோடு நிற்கையில், “போர்ட் வாசிக்கத் தெரியாட்டி உனக்கு ஏன்ரா கார்?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் பட்டதாரி, அவனுக்குச் சிரிக்கலாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதே கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்டால்? அப்போது யாரும் பகிடிக்குக் கேட்கமாட்டார்கள்... உண்மையாகவே கேட்பார்கள்.

கடிதம் கார்க்காரியின் பெயருக்கு வந்திருந்தது. வேலை உடுப்போடு மேசையடியில் இருந்துகொண்டு அதைப் பிரித்தாள் ஜெசிந்தா.

“இஞ்சருங்கோ, இது ஆர் ஓடினது?”

“நீர்தானே. அந்தக் கிழமை நீர்தானே பிள்ளையைக் கொண்டுபோனனீர்.”

யோசித்துச் சொன்ன பொய்யல்ல. வாய் முந்திவிட்டது. அவள் மறுப்பாள், சண்டை பிடிப்பாள், நான் “ஓம், நான்தானோ தெரியாது” என்று பின்வாங்கலாம் என்று காத்திருந்தேன். சத்தியமாகக் காத்திருந்தேன்!

அவள் மறுக்கவில்லை. படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். எங்கள் கார், அதற்கு முன்னால் பஸ். ஓட்டுகிறவரின் தலைகூடத் தெரியவில்லை. இவ்வளவு காசு போட்டுக் கமரா பூட்டுகிறவர்கள் ஒரு முகத்தைப் பிடிக்கக்கூடாதா?

“பஸ்ஸுக்குப் பின்னாலயே போயிருக்கிறன்,” என்றாள். “எனக்கு ஒரு துளி ஞாபகமும் இல்லையப்பா. கண்ணைத் திறந்துகொண்டே நித்திரை கொண்டிருக்கிறன். பிள்ளையும் பக்கத்தில இருந்திருக்கு.”

ஏன் அவ்வளவு இலகுவாக நம்பினாள்? “நித்திரைக் கண்ணோட ஓடாதையும்” என்று நாள்தோறும் அவளை அரித்தவன் நான். என் அரிப்பே அவளுக்குள் குழி வெட்டி வைத்திருந்தது. பொய் அதற்குள் போய் நன்றாக இருந்துகொண்டது.

ஷெரினைக் கூப்பிட்டுக் கேட்டாள். அன்றைக்கு என் பக்கத்து இருக்கையில் இருந்து, “ஃபாஸ்டர், அப்பா” என்று சிரித்தவள்தான் ஷெரின். அவள் என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“ஐ டோன்ட் ரிமெம்பர், அம்மா,” என்றாள்.

ஒரு பொய் சொன்னது போதாதென்று பிள்ளைக்கும் பழக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஜெசிந்தா அந்தப் பாதையில் கார் ஓடவில்லை. கொஞ்ச நாளில் எந்தப் பாதையிலும் ஓடவில்லை. இரவு வேலையை விட்டாள். இரவு வேலைக்காரருக்கு அவளையே பொறுப்பாக வைக்கப் பேச்சு இருந்தது. தானே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். “நித்திரையில கார் ஓடுற மனுசி நான். கிழவிக்கு மருந்தை மாத்திக் குடுத்துப்போட்டா?” என்றாள். இப்போது அதே இல்லத்தின் சமையலறையில், பகலில், கோப்பை கழுவுகிறாள்.

சொல்ல வாய்ப்பே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. வீடு தேடியே வந்தது! இரண்டாவது தண்டக் கடிதம். அதே பாதை, அதே கார்... படம் எடுத்த நாளோ, ஜெசிந்தா காய்ச்சலில் கட்டிலை விட்டு எழும்பாத ஒரு நாள். தபால்பெட்டியிலிருந்து இந்தமுறை நான்தான் எடுத்தேன். அதை அவள் கையில் கொடுத்திருந்தால் போதும், ஒரு சொல்கூடப் பேசத் தேவையில்லை. அந்தப் பாதையில் நுழைகிறவன் நான்தான், அவள் தலைக்கு ஒன்றுமில்லை என்று அந்தக் கமராவே சாட்சி சொல்லியிருக்கும்.

நான் என்ன செய்தேன்? விரிக்குக் கொண்டுபோய், வெறும் பெட்டிகளை நசுக்குகிற இயந்திரத்துக்குள் போட்டேன். தண்டத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் போனிலேயே கட்டினேன். அதற்குப் பிறகு பாண் துண்டைக் கடித்தேன், விழுங்கினேன்.

மெல்ல மெல்ல அவள் எல்லாவற்றிலும் தன்னைச் சந்தேகிக்கத் தொடங்கினாள். சோற்றுக்கு உப்புப் போட்டேனா, கதவைப் பூட்டினேனா... என் வியாதி அவளுக்குத் தொற்றிவிட்டது. கடைசியில் டொக்டரிடம் போகவேண்டும் என்று அவளே நாள் எடுத்தாள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வேறு யார் ஓடுவது?

நடந்ததையெல்லாம் அவள் டொக்டரிடம் விவரமாகச் சொன்னாள். டொக்டர் நல்ல மனுசி, பொறுமையாகக் கேட்டாள். வேறெப்போதாவது இப்படி நினைவு தப்பியிருக்கிறதா என்று அவள் கேட்டதும் ஜெசிந்தா என் பக்கம் திரும்பினாள்.

“எனக்குத் தெரியாது டொக்டர். இவரைக் கேளுங்கோ, இவருக்குத்தான் தெரியும்.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த அறையில் என்னிடம் தமிழும் இருந்தது, உடைந்த ஆங்கிலமும் இருந்தது. எதிலாவது சொல்லியிருக்கலாம். “வேலைக் களைப்பு, டொக்டர்,” என்றேன். நான் களைப்பென்று சொன்னதையும் டொக்டர் பாரதூரமாகவே எடுத்துக்கொண்டாள். சோதனைகள் முடியும்வரை கார் ஓடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஜெசிந்தா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாள்.

சோதனைகளில் ஒன்றும் அகப்படவில்லை. எப்படி அகப்படும்? ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்ன பிறகாவது அவள் தேறுவாள் என்று பார்த்தேன். “அப்ப இன்னும் கண்டுபிடிக்கேல்ல எண்டுதான் அர்த்தம்,” என்றாள். தன் கார்ச் சாவியை ஷெரினுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஷெரினுக்கு இப்போது பதினாறு வயது, பழகுநர் உரிமம் எடுத்துவிட்டாள். போன சனிக்கிழமை முதல் பாடம். அவள் ஓட்டுநர் இருக்கையில், நான் பக்கத்தில். ஜெசிந்தா வாசலில் இருந்து இறங்கி வந்து, திறந்த கார்க் கண்ணாடி வழியாகக் குனிந்து மகளின் தலையைத் தடவினாள்.

“அப்பா சொல்லுறதைக் கேட்டு ஓடு. அப்பாவைப்போல ஓடு பிள்ளை. என்னைப்போல ஓடிப்போடாத.”

ஷெரின் எஞ்சினை இயக்கினாள். ஆனால் காரை எடுக்கவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங் வளையத்தில் வைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை, கேலியில்லை... காத்திருந்தாள். தாயும் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள், கைக்கெட்டும் தூரத்தில்.

“எடு பிள்ளை,” என்றேன்.

எடுத்தாள்.