கழுத்துமட்டும் பெற்றோல்

எங்கடை மருமோன் பெற்றோல் ஊத்துற வடிவை நீ பார்க்கவேணும் பிள்ளை. சண்டைக்காலம் யாழ்ப்பாணத்திலை பெற்றோல் தடை இருக்கேக்கை மண்ணெண்ணெயிலை மோட்டச்சைக்கிள் ஓடின ஆள். ஸ்டாட் பண்ண மட்டும் ரெண்டு துளி பெற்றோல் விடுவார். அந்தக் கை இன்னும் மாறேல்லை.

இந்தக் குளிர்த் தேசத்திலை பிளாக்ஹவுஸ் பே எண்ட குடாக் கரையிலை நிக்கிறம். குளிர் வருது, மருமோன்ரை மோட்டர் வள்ளத்தை மூடி வைக்கவேணும். போன குளிருக்குப் பாதி டாங்கோடை விட்டவர், பிறகு எஞ்சின் அசையேல்லை, காசு குடுத்துத் திருத்தினது. இந்த முறையும் குளிர் முடிய ஸ்டாட் ஆகாட்டி வள்ளத்தை விக்கிறதுதான் எண்டு மகள் சொல்லிப்போட்டாள்.

பக்கத்து வள்ளத்து வெள்ளைக்காரக் கிழவர் எட்டிப் பார்த்து என்னவோ சொல்லுறார். மருமோன் எனக்குத் தமிழிலை சொல்லுறார்.

"கழுத்துமட்டும் நிரப்பச் சொல்லுறார் மாமி. இடம் விட்டால் குளிருக்கு டாங் உள்ளுக்கு வேர்த்து, பெற்றோலிலை தண்ணி விழுமாம்."

"சோத்துப்பானை மூடி வேர்க்கிற மாதிரித்தானே? ஊத்தும்."

"குளிர் முடியுமட்டும் ஓடாமல் கிடக்கப்போற எஞ்சினுக்கு இவ்வளவோ மாமி?"

நான் ரெண்டு விரலாலை துளி விடுற மாதிரிக் கிழவருக்குக் காட்டி, மருமோனையும் காட்டுறன். அவர் வயிறு குலுங்கச் சிரிச்சு, பெற்றோல் கானைத் தானே வாங்கிக் கவிழ்க்கிறார். பெற்றோல் பழுதாகாமல் இருக்க மருந்தும் விட்டு, அது உள்ளுக்கெல்லாம் போகப் பத்து நிமிசம் எஞ்சினை ஓடவிடுகினம்.

வீட்டை வந்து பார்த்தால், கானிலை மிஞ்சினதை மருமோன் இருமல் மருந்துப் போத்திலிலை அடைச்சுக் குசினி ஜன்னலிலை வைச்சிருக்கிறார். பொறு பிள்ளை, போனை வைக்காதை, மகள் வந்து அடுப்பை மூட்டமுன்னம் அதை வெளியிலை வைச்சுப்போட்டு வாறன்.