கிழங்கு வயலில் பல்லைக் காட்டியது

எனக்கு எட்டு வயதானபோது என் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து என்னை ஓர் உருளைக்கிழங்கு வயலில் விட்டுவிட்டுப் போகத் திட்டம் போட்டார்கள். அப்படி ஒரு திட்டம் உலகத்தில் யாரிடமும் இருக்கவில்லை என்பதை இன்று தொப்பை விழுந்த ஆளாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று நடுங்கியது நிஜமான நடுக்கம்.

எழுபதுகளின் நடுவில் அப்பா ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் புகைப்படக் கண்காட்சி ஒன்றுக்குக் கூட்டிப்போனார். உள்ளே போக டிக்கெட் இல்லை, போனால் கதகதப்பு உண்டு. எங்கள் குடும்பத்தின் கலை ஆர்வம் பெரும்பாலும் இப்படித்தான் வளர்ந்தது. சுவர் முழுக்க வயலில் வேலை செய்யும் பிள்ளைகள். பீட்ரூட் பிடுங்குகிறார்கள், தங்களைவிடப் பெரிய மூட்டையை இழுக்கிறார்கள். எல்லாம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்தவை என்று கீழே எழுதியிருந்ததாம். நான் எங்கே அதைப் படித்தேன். கறுப்பு வெள்ளையாக இருந்தும் பழசு என்று தோன்றவில்லை. எங்கள் வீட்டு ஆல்பத்தில் போன மாதத்து நானும் கறுப்பு வெள்ளைதான்.

என் உயரத்தில் ஒரு பையன் வெறுங்காலோடு நின்று என்னையே பார்த்தான். அவன் சிரிக்கவில்லை. அந்தச் சுவரில் ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

"போட்டோ எடுத்தவரு இவங்கள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாராப்பா?"

"இல்லடா. அவரு எடுத்துட்டுப் போயிடுவாரு. புள்ளைங்க அங்கயேதான்."

அப்பா அந்தப் பையன் முன்னால் வெகுநேரம் நின்றார். அம்மா இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தார்.

அடுத்த வாரம் இலையுதிர்கால விடுமுறை. அதற்கு உருளைக்கிழங்கு லீவு என்றே பெயர் என்று எங்கள் வீட்டுக்காரம்மா சொன்னார். அந்தக் காலத்தில் பள்ளியை மூடிப் பிள்ளைகளைக் கிழங்கு எடுக்க அனுப்புவார்களாம். தன் தம்பிக்கு வயல் இருக்கிறது, சனிக்கிழமை எல்லோரும் வாருங்கள் என்றார். ஜெர்மன் பாதி புரிந்த அப்பா "யா, யா" என்று முழுதாகத் தலையாட்டினார். எனக்கு அந்த மொழி நன்றாகவே புரியும். அந்தச் சுவரிலிருந்த பிள்ளைகளைப் போல என்னையும் அங்கேயே விட்டுவிடப் போகிறார்கள்.

என்ன குற்றம் செய்தேன் என்று யோசித்ததில் கணக்கு மார்க் ஒன்றுதான் அகப்பட்டது. சனிக்கிழமை காலை அம்மா புளிசாதம் கட்டினாள். வழியனுப்புகிற சாப்பாடு என்று முடிவு செய்தேன். முன்னெச்சரிக்கையாக இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு, பையில் பிஸ்கட்டைத் திணித்துக்கொண்டேன்.

வயலில் டிராக்டர் மண்ணைப் புரட்டிக்கொண்டு போக, பெரியவர்களும் பிள்ளைகளும் பின்னால் குனிந்து கூடையில் கிழங்கு பொறுக்கினார்கள். வீட்டுக்காரம்மாவின் தம்பி தன் பெரிய கையை என் தலைமேல் வைத்து, இந்தப் பையன் நல்லவனாக இருக்கிறான், நானே வைத்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

"யா, யா," என்றார் அப்பா.

பிறகு அவர் கேமராவை எடுத்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொன்னார். "சிரிக்காதடா. அன்னிக்குப் பாத்தோமே, அந்தப் பையன் மாதிரி நில்லு."

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சிரிக்காத பிள்ளைகள்தான் அங்கேயே கிடந்தார்கள். ஆகவே சிரித்தேன். விழுந்தது போக மிச்சமிருந்த பற்கள் அத்தனையையும் காட்டினேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, வாய் மட்டும் மூடவில்லை.

"டேய், வாய மூடுறா."

மூடவில்லை. அப்பா தள்ளி நின்று எடுத்தார், மண்டியிட்டு எடுத்தார், கெஞ்சிக்கொண்டே எடுத்தார். பிலிம் சுருள் தீர்ந்தது. இன்றும் அந்தப் படங்கள் இருக்கின்றன. பல்வலிக்காரன் கல்யாணத்துக்கு வந்ததுபோல நிற்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், என்னையும் ஏற்றிக்கொண்டார்கள் என்பதை நம்ப முடியாமல், இருவருக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா கேட்டாள்: "ஒரு ரோல் முழுசும் வீணாப் போச்சு. புள்ள மூஞ்சிய உம்முனு வச்சுக்கிட்டு நிக்கிற படம் உங்களுக்கு எதுக்குங்க?"

அப்பா கேமராவை உறைக்குள் வைத்து மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இவன் வயசுல நானும் அண்ணனும் மல்லாட்டக் கொல்லையிலதான கெடந்தோம். எங்கள யாரு போட்டோ எடுத்தா? நான் எப்படி இருந்திருப்பேன்னு இவன வச்சுப் பாத்துக்கலாம்னு நெனச்சேன்."

அம்மா அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். அதன் பிறகும் கையை எடுக்கவில்லை.

எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. பெரியப்பா ஊரிலிருந்து வறுத்து அனுப்புவார். சின்ன வயதில் அது விளைகிற இடத்திலேயே உட்கார்ந்து நாள் முழுக்கத் தின்றுகொண்டிருந்த மனிதருக்கு, என்னைப் பச்சைக் கிழங்கு பொறுக்க வைக்க எப்படித்தான் மனசு வந்ததோ என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.