கூட எழும்பியவன்

பிள்ளைகளே, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து போய், கண்டியில் பணக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் நான் புலமைப்பரிசிலில்தான் படித்தேன். ஆண்டு விழாவில், புலமைப்பரிசில் பிள்ளைகளுக்குப் பணம் கட்டிய பெரிய மனிதர்களுக்கு, எங்களை மட்டும் எழும்பி நின்று நன்றி சொல்லச் சொல்வார்கள். மண்டபமே திரும்பிப் பார்க்கும். எனக்கு உடம்பெல்லாம் கூசும். படிப்பே வேண்டாம் என்றுகூட இருந்தது.

ஒரு வருடம், பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்த, கட்டுகஸ்தோட்டைக் கடைக்காரர் மகனும் என்னோடு எழும்பினான்.

"நீ ஏன்டா எழும்புற? உக்காரு."

"உனக்கு அவங்க கட்டுறாங்க, எனக்கு வாப்பா கட்டுறாங்க. நம்ம ரெண்டு பேருமே கட்டலையேடா. சும்மா நில்லு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் நன்றியை மனதாரச் சொன்னேன்.

விழா முடிந்தால் அவரவர் கதிரையை வகுப்புக்குத் தூக்கிப் போக வேண்டும். அவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டான். எல்லோரும் போன பிறகு, அவனுடைய கதிரையையும் நானே தூக்கிப் போய் அவன் இடத்தில் வைத்தேன்.