டஸ்கன் ரொறன்ரோவின் முதல் சட்டம்

என் மனைவிக்கு முதலில் கட்டில் கிடைத்தது ரொறன்ரோவின் மேற்குக் கோடியில், ரெக்ஸ்டேலில் உள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில். நான் இருப்பது கிழக்கே, ஸ்காபரோவின் அஜின்கோர்ட்டில். இரண்டு பஸ், நடுவில் ஒரு சப்வே. தமிழ்த் தாதிகள் வேலைசெய்யும் ஸ்காபரோ இல்லமொன்றின் காத்திருப்புப் பட்டியலிலும் அவளுடைய பெயரைப் பதிந்துவைத்தேன். மறதி நோய் அவளுடைய ஆங்கிலத்தை முழுவதுமாகக் கொண்டுபோயிருந்தது. தமிழை இன்னும் தொடவில்லை.

அதே அறையின் மற்றக் கட்டிலில் ஓர் இத்தாலியப் பெண்மணி. அவருக்கும் அதே நோய். மிஞ்சியிருந்தது இத்தாலியன் மட்டும். இருவரும் யன்னலோரம் கதிரைகளில் இருந்து நாள் முழுவதும் பேசினார்கள். என் மனைவி தான் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் அதிபரைத் தமிழில் திட்டுவாள். அவர் தலையாட்டிவிட்டு இத்தாலியனில் யாரையோ திட்டுவார். "அது சரி, அது சரி" என்பாள் இவள். கணவர்கள் இருவரும் அங்கே தேவைப்படவில்லை. ஆகவே நாங்கள் கதவடியில் இருந்து ஒரு நாட்டை நிறுவினோம்.

நாடு அந்த இத்தாலியக் கணவருடையது. வாழ்நாள் முழுவதும் இந்த நகரத்து வீடுகளுக்குத் தரைக்கல் பதித்தவர். நானூறு ஆண்டுகளுக்கு முன் டஸ்கனியின் பிரபு, தென்னமெரிக்கக் கரையில் குடியேற இடம் பார்த்துவரும்படி ஒரு கப்பலை அனுப்பினாராம். கப்பல் நல்ல செய்தியோடு திரும்பியபோது பிரபு உயிரோடில்லை. மகனுக்கு அக்கறையில்லை. கோப்பு மூடப்பட்டது. இதுவரை சரித்திரம். அவர் தன் கற்பனை நாட்டை எழுதிவந்த கொப்பியில் பிரபு சாகவில்லை. வெப்பக் கரையில் தொடங்கிய குடியேற்றம் இரண்டு தலைமுறையில் வடக்கே வந்தது. பொறாமைப்பட்ட ஜெனோவா பெரிய ஆற்றின் வாயைப் பிடித்தது. வெனிஸ் பிந்தி வந்து மீனோடு திருப்திப்பட்டது. எங்கள் ஏரிக்கரை டஸ்கனிக்குக் கிடைத்தது. தெருக்களின் இருபுறமும் வளைவுக் கூரை போட்ட நடைபாதை. மழைப்பனியில் வழுக்கி எவரும் இடுப்பெலும்பை முறிப்பதில்லை. தரைகளைப் பற்றி மட்டும் பதினொரு பக்கம்.

நான் ஓய்வுபெறும்வரை அரசாங்க அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்த்தவன். குறை இருந்தால் திருப்பி அனுப்புவேன். இல்லாவிட்டால் இன்னொருமுறை தேடுவேன். அந்த நாட்டிலும் தேடினேன். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்தான், அவருடையது கட்டட வேலை ஆங்கிலம், என்னுடையது கடித ஆங்கிலம். இங்கே அவரையும் என்னைப்போலப் பேசவைக்கிறேன்.

"ஏரிக்கரையில ஏற்கெனவே சனம் இருந்ததெல்லோ. அவையளை என்ன செய்தனீங்கள்?"

"ஒப்பந்தம் போட்டது. எல்லாரும் கையெழுத்து வைச்சவை."

"எந்த மொழியில?"

"இத்தாலியன்."

"வாசிச்சு விளங்கித்தான் வைச்சவையோ?"

அவர் பென்சிலைக் காதில் செருகினார்.

"எங்கட ஊருக்குப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் எண்டு மூண்டு பகுதி வந்தவை," என்றேன். "ஆரைக் கேட்டாலும் கடுதாசி காட்டுவினம்."

"நாங்கள் வந்திருந்தா நல்ல தரையாவது போட்டுத் தந்திருப்பம்."

ஆனாலும் ஒப்பந்தத்தை அழித்துவிட்டார். பதிலுக்கு ஒரு சட்டம் எழுதித் தரச் சொன்னார். எழுதிக்கொடுத்தேன். ஒருவருடைய இருப்பிடத்தைப் பற்றிய எந்தக் கடுதாசியும், அவருக்கு அவருடைய மொழியிலேயே வாசித்துக்காட்டி, அவர் வாயால் வரும் பதிலைக் காதால் கேட்கும்வரை செல்லாது. உட்பிரிவுகள் நான்கு. நாட்டின் முதல் சட்டம் என்று அவர் அதை முதல் பக்கத்தில் ஒட்டினார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த அறையில் நான் இருக்கும்போதே தொலைபேசி வந்தது. ஸ்காபரோவில் கட்டில் காலியாகியிருக்கிறது. நாளை மதியத்துக்குள் பதில் சொல்லவேண்டும். மறுத்தால் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். பேசிய பெண் இதை மெதுவாக விளக்கினார். அவருக்கு முன்பே எனக்கு அது தெரியும் என்பதை நான் சொல்லவில்லை.

ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் மகளுக்கு அறிவித்தேன்.

"அப்பா, யோசிக்காதேங்கோ. ஓம் எண்டு சொல்லிப்போடுங்கோ. அங்க அம்மாவோட தமிழ் கதைக்க ஆக்கள் இருக்கினம். You know this. நீங்கள்தானே form நிரப்பினது."

அது சரியான வாதம். அதில் ஒரு குறையும் எனக்கு அகப்படவில்லை. மகிழ்ச்சி வரும் என்று சற்றுக் காத்திருந்தேன். அதுவும் வரவில்லை, கவலையும் வரவில்லை. கதவடிக்குப் போய் இத்தாலியரிடம் சொன்னேன். அவர் யன்னல் பக்கம் பார்த்தார். அவருடைய மனைவி என் மனைவியின் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார், பிழையான துளையில்.

"ஆளைக் கேட்டனீங்களோ?" என்றார் இத்தாலியர்.

"அதுக்குப் படிவத்தில ஒரு கட்டம் இருக்கு."

"அதில என்ன போட்டிருக்கு?"

'விருப்பம் தெரிவிக்க இயலாதவர்' என்று போட்டிருந்தது. புள்ளடி போட்டவன் நான். வைத்தியர் ஒத்துக்கொண்டார், விதிப்படி எல்லாம் ஒழுங்கு. இதை நான் அவருக்கு விளக்கினேன். அவர் கொப்பியைத் திறக்கவில்லை. அதன் அட்டையில் விரலால் ஒருமுறை தட்டினார்.

எழுந்து போய் என் மனைவிக்கு முன்னால் கட்டிலில் இருந்தேன்.

"ஸ்காபரோவில ஒரு இடம் இருக்காம். போவமோ?"

"ஏன்?"

"அங்க தமிழ் கதைப்பினம்."

என்னை ஒரு மக்கு மாணவனைப்போலப் பார்த்தாள்.

"இஞ்சையும் தமிழ்தானே கதைக்கிறம்," என்றாள். இத்தாலியப் பெண்மணியைக் காட்டினாள். "உவ வடிவாக் கதைப்பா. நீங்கள்தான் வந்தால் வாய் திறக்கிறேல்ல."

இயலாதவர் சொன்னது பதிலாகாது. எந்த அலுவலகத்திலும் நான் இதைப் பதிந்திருக்கமாட்டேன். அவள் சொன்னது உண்மையும் அல்ல.

மறுநாள் பதினொன்றரைக்குத் தொலைபேசி எடுத்து, வேண்டாம் என்றேன். காரணம் பதியவேண்டும் என்றார் அந்தப் பெண்.

"தூரமா?"

"இல்லை. அது எனக்கு மிகக் கிட்ட."

"மொழியா?"

"ஓரளவுக்கு."

"அங்கே உங்கள் மொழி பேசுவார்களே, சேர்."

"தெரியும்," என்றேன். "கடைசியில் 'வேறு' என்று ஒன்று இருக்கும். அதைப் போடுங்கள்."

அதைப் போட்டால் கீழே விளக்கம் எழுதவேண்டும் என்றார். தன் மொழி புரிகிற ஒருவரோடு இருக்கிறாள் என்று எழுதச் சொன்னேன். அவர் தட்டச்சுச் செய்யும் சத்தம் கேட்டது. பிறகு, என் மனைவியின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது என்றார். நன்றி சொன்னேன். மகளுக்கு எப்படிச் சொல்வது என்பதற்கு நடைமுறை எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ரெக்ஸ்டேலுக்குப் போகப் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.