அப்பா நேர்ந்துகொண்ட முடி

பார்லரில் முடி வெட்டி முடித்ததும் அந்தப் பெண் ஒரு கைக்கண்ணாடியை எடுத்து என் தலைக்குப் பின்னால் பிடிப்பாள். எதிரே சுவரில் பெரிய கண்ணாடி, அதற்குள் இந்தச் சின்னக் கண்ணாடி, அதற்குள் என் பின்னந்தலை. வெட்டியது பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காகத்தான். நான் பார்க்காமலேயே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். போன மாதம் கண்ணாடியைப் பிடித்தவள் ஒன்றும் கேட்காமல் நின்றாள். அதனால்தான் பார்த்தேன். வலது காதுக்குப் பின்னால், சற்று மேலே, எட்டணா அளவுக்கு வட்டமாக வெறும் தோல் வழவழவென்று தெரிந்தது. எத்தனை நாளாக இருக்கிறது மேடம் என்று கன்னடத்தில் மெதுவாகக் கேட்டாள். அந்த வட்டத்தை எனக்குத் தெரியும். இதே மைசூரில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், அது என் அத்தையின் தலையில் இருந்தது. அப்போது பின்னால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. தாய் தகப்பன் போன பிறகு அப்பாதான் அவளை வளர்த்தார். மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் இருக்கும் ஹனூர் பக்கத்திலிருந்து கட்டட மேஸ்திரி வேலைக்காக மைசூர் வந்தபோது அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவள் சயாஜிராவ் ரோட்டில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் வேலை பார்த்தாள். சேலையைப் பிரித்துத் தன் தோளில் போட்டு, பின்னலை முன்னால் எடுத்து விட்டுக்கொண்டு, இப்படியும் அப்படியும் திரும்பிக் காட்டுகிற வேலை. அந்தப் பின்னல் இடுப்பைத் தாண்டிக் கிடக்கும். வாங்க வந்தவர்கள் சேலையைப் பார்த்தார்களோ அத்தையைப் பார்த்தார்களோ, அவள் தோளில் போட்டுக் காட்டிய சேலை மறுபடி அலமாரிக்குத் திரும்பியது குறைவு. கடையில் முன்னால் நிற்கிற பெண்களுக்கெல்லாம் முதலாளி காலையில் ஒரு முழம் மல்லிகை கொடுப்பார். சாயங்காலம் அத்தை வருவதற்கு முன்னால் அந்த வாசம் எங்கள் வரிசை வீட்டுக்குள் வந்துவிடும். வெள்ளிக்கிழமை சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டுச் சாம்பிராணிப் புகையில் கூந்தலை விரித்துக்கொண்டு அவள் உட்கார்ந்தால் வீட்டில் வேறு யாரும் நடமாட முடியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே. அவளிடம் வேறென்ன இருந்தது?

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை சிக்கு எடுத்துக்கொண்டிருந்தபோது என் விரல் ஓரிடத்தில் வழுக்கியது. விலக்கிப் பார்த்தேன், எட்டணா வட்டம். அம்மா வந்து பார்த்துவிட்டுப் புழுவெட்டு என்றாள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்று முடியின் வேரைத் தின்றுவிடுகிறது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்த்தோம். ஊரிலிருந்து ஆற்றுத்தும்மட்டிக் காய் வரவழைத்துத் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தோம். எரிச்சலில் அத்தையின் கண்ணில் தண்ணீர் வழியும். இன்னும் அழுத்தித் தேய் என்பாள். தினமும் சாயங்காலம் அவள் சுவர்க் கண்ணாடி முன்னால் உட்கார, நான் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடிக்க வேண்டும். ஆனாலும் தன் கண்ணை அவள் நம்பமாட்டாள். "இன்னிக்கு எப்புடி இருக்குது கண்ணு?" என்று என்னைத்தான் கேட்பாள். அப்படியேதான் இருக்குதுங்க அத்தை என்பேன். அப்படியே இல்லை. ஒன்று இரண்டாகி, இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டிருந்தன.

எங்கள் அப்பாவின் தலையில் நெற்றியிலிருந்து பிடரிவரை ஒரு முடி கிடையாது. கல்யாணத்தின்போதே அப்படித்தான் என்று அம்மா சொல்வாள். தெருப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். வெயிலில் சாரத்தின்மேல் அவர் நின்றால் தூரத்திலிருந்தே மேஸ்திரி இருக்கிறார் என்று தெரியும் என்று சித்தாள்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அதற்காக அவரை யாரும் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை, யாரும் அவரைப் பார்த்து உச்சுக்கொட்டவில்லை. அத்தையின் எட்டணா வட்டத்துக்குத்தான் வீடு இழவு வீடுபோல ஆனது. மல்லிகைச் சரத்தைச் சாய்த்து வைத்து அவள் அதை மறைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கடையில் சரம் நழுவ, சேலை பார்க்க வந்த அம்மாள் ஒருத்தி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாளாம். முதலாளி நல்ல மனிதர். "ஸ்வல்ப தின ஒளகடெ இரம்மா," கொஞ்ச நாள் உள்ளே இரு என்று பதமாகச் சொல்லிச் சேலை மடிக்கிற வேலைக்குக் கிடங்குக்கு மாற்றினார். சம்பளத்தில் குறை வைக்கவில்லை. பூ மட்டும் நின்றுவிட்டது.

கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். தோல் பிரிவில் இருந்த பெண் டாக்டர் தலையைப் பார்த்துவிட்டு முதலில் வெங்காயத்தை நிறுத்தச் சொன்னார். தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணாகியிருந்தது. பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதும் இல்லை, உடம்பே தன் முடி வேரை எதிரி என்று நினைத்து அடிக்கிறது என்றார். வட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன ஊசிகளாகப் போட வேண்டும், பூச ஒரு மருந்து தருகிறேன், முடி வரலாம், வந்தது மறுபடி போகவும் செய்யலாம், இதில் யாருடைய தப்பும் இல்லை என்றார். "யாரு மேலயும் தப்பில்லீங்களா?" என்று அத்தை அதை மட்டும் இன்னொரு தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்பா வெளியே வராந்தாவில் நின்றிருந்தார். அந்த வார்த்தை அவர் காதில் விழவில்லை.

அன்று சாயங்காலமே அவர் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து மாதேஸ்வரன் படத்துக்கு அடியில் வைத்தார். "மாதப்பா, எந்தங்கச்சி தலைல முடியக் குடு. வளந்ததும் அதையே மலைக்குக் கொண்டாந்து மொட்டை போட்டு எறக்கறேன்." அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "வேண்டிக்கறவரு உங்க தலையக் குடுக்கறேன்னு வேண்டிக்கறதுதானுங்க?" என்று கேட்டாள். அப்பா தன் தலையைத் தடவிக்கொண்டு, "இதுல என்ன இருக்குது குடுக்கறதுக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தோம். பல நாளைக்குப் பிறகு அத்தையும் சிரித்தாள்.

முடி வந்தது. முதலில் வெள்ளையாக, பச்சைக் குழந்தையின் தலையில் இருப்பதுபோலப் பூனைமயிர். அதுவே போதும் என்று அத்தை அழுதாள். பிறகு அது கறுத்துத் தடித்து மற்ற முடியோடு சேர்ந்துகொண்டது. முதலாளி அவளை மறுபடி முன்னால் கூப்பிட்டார். மல்லிகையும் திரும்பி வந்தது. அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை, மாதப்பன் கொடுத்ததுதான். "ஊசி குத்துன வலி எனக்கு, பேரு மாதப்பனுக்கா?" என்று அத்தை அவரைச் சீண்டுவாள். அந்த நேரத்தில்தான் ஒரு வரன் கூடிவந்தது. மில்லில் வேலை பார்க்கிறவர், பெண்ணைக் கடையிலேயே பார்த்துப் பிடித்துப்போய் வந்தவர். அப்பா எதையும் மறைக்காமல் வேண்டுதலைச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு மொட்டை கூடாது, அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள், முடி வளரும்வரை காத்திருக்கிறோம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார்கள்.

கொள்ளேகால் வழியாகப் பஸ்ஸில் மலைக்குப் போனோம். காலையில் அத்தை தானே தலைவாரிப் பின்னி, நிறையப் பூ வைத்துக்கொண்டாள். மொட்டை அடிக்கிற கூடத்தில் ஈரத் தரையெங்கும் முடி. எங்களுக்கு வாய்த்த நாவிதர் வயதானவர், தமிழில் பேசினார். பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "பொட்டப்புள்ளைக்குப் பூமுடி பத்துமுங்க. மூணு கொத்து வெட்டி உண்டியல்ல போட்டா மாதப்பன் வேண்டாம்னா சொல்லப்போறான்?" என்றார். பெண்கள் பலர் அப்படித்தான் நுனியில் கொஞ்சம் வெட்டிக் கொடுத்துவிட்டு முழுக் கூந்தலோடு படியேறிக்கொண்டிருந்தார்கள். அத்தை நிமிர்ந்து, "பத்தாதுங்களாண்ணா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அப்பாவின் வாய் கோணியது. "மொட்டைன்னு வாயில சொல்லிட்டன் அம்மிணி. இப்பப் பேச்சு மாறுனா மறுக்காப் புடுங்கிக்குவானோன்னு பயமா இருக்குது." அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. தங்கை தலையில் அந்த வட்டம் இன்னொரு முறை வரக் கூடாது என்ற பயம்தான் அவருக்கு. அந்தப் பயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது, உடனே கோபப்பட முடியாமலும் போகிறது.

அத்தை குனிந்துகொண்டாள். தண்ணீர் தெளித்து, பூவை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, நாவிதர் மழித்தார். "உகே மாதப்பா, உகே" என்று மலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கூவுவதுபோல அப்பாவும் கை கூப்பிக் கூவினார். சந்தனம் பூசியதும் அத்தை தன் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணனும் தங்கச்சியும் இப்பத்தான் ஒரே சாடை" என்றாள். அப்பா சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அன்றோடு சரி.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள்கூடச் சொன்னார்கள். வளரத்தான் செய்தது. சொரசொரவென்று முளைத்த தலையில் அத்தை என் உள்ளங்கையை இழுத்து வைத்துத் தேய்த்துக்கொள்வாள். அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு நாள் என் கைக்கு வழவழப்புத் தட்டியது. நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். மறுவாரம் அது தெரியாமல் இருக்க வழியில்லை. மறுபடி கண்ணாடி, மறுபடி ஊசி. இந்தத் தடவை எதற்கும் அசையவில்லை. தசராவுக்கு ஊரெல்லாம் விளக்குப் போட்டபோது அவள் தலையில் முடி என்று ஒன்றும் இல்லை. புருவமும் இமையும்கூட உதிர்ந்துபோய், பழக்கப்பட்ட முகம் வேற்று முகமாக ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சொன்னபடி காத்திருந்தார்கள். பிறகு வேறிடம் பார்த்துக்கொண்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரி யாரையோ பற்றிப் பேசும்போது, கூந்தல் உள்ளவள் அள்ளி முடிகிறாள் என்று பழமொழி சொல்லிவிட்டு, அத்தை இருப்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாக்கைக் கடிக்காமல் இருந்திருந்தால்கூடத் தேவலை. அத்தை ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனாள். அதன் பிறகு முன்னால் வந்து நிற்கவே இல்லை.

டாக்டர் இந்த முறை அப்பாவையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். மழித்ததால் இது வரவில்லை, கத்தி வேரைத் தொடுவதே இல்லை, மொட்டை போடாமல் இருந்திருந்தாலும் போயிருக்கும். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து, "மூணு கொத்துல முடிஞ்சிருக்கும்" என்றார். டாக்டர் சொன்னதுதான் உண்மை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தக் கூடத்தையும் நாவிதரின் கையில் கிடந்த பின்னலையும் கண்ணால் பார்த்த எங்கள் யார் மனசும் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அத்தை அண்ணனிடம் சண்டை போடவில்லை, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், கடைசிக் காலத்தில் அவர் படுக்கையில் கிடந்தபோது தினமும் ஈரத் துணியால் அவர் தலையைத் துடைத்துவிட்டாள். அண்ணா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அவர் கண் மூடுகிறவரை அந்த ஒரு வார்த்தைக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லவே இல்லை.

போன மாதம் பார்லரிலிருந்து நேரே அத்தையிடம்தான் போனேன். அதே வரிசை வீட்டில் தனியாக இருக்கிறாள். விஷயத்தைச் சொல்லி, அலமாரியிலிருந்த பழைய கைக்கண்ணாடியை எடுத்து அவளிடம் நீட்டினேன், பின்னால் பிடிக்கச் சொல்லி. அவள் அதை வாங்கிப் பாயில் கவிழ்த்து வைத்தாள். என்னைத் திரும்பி உட்காரச் சொல்லி, முடியை விலக்கி, விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"டாக்டரப் பாரு. வெங்காயம் கிங்காயம் தேச்சுப் புண்ணாக்கிக்காத."

சரிங்க அத்தை என்றேன். அவள் விரல் அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"யாரும் எதும் வேண்டிக்கலியே கண்ணு?"

என் தலையில் இருக்கிறதை எனக்கு முன்னாலேயே, என்னோடு இருக்கிற அம்மா பார்த்திருக்க வேண்டும். அன்று காலை நான் விளக்கேற்றப் போனபோது சாமி படத்துக்கு அடியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று இருந்தது. எதற்கு என்று கேட்டதற்கு, நீ சும்மா இரு என்று சொல்லிவிட்டாள். மலைக்கு எங்களோடு வந்தவள்தான் அம்மா. எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவள்தான்.

"இல்லீங்க அத்தை," என்றேன்.