‘சும்மா’ என்றொரு நிரல்

மின்சாரம் போகவில்லை. பதினேழு நாள் ஓடிக்கொண்டிருந்த கயல்விழியின் நிரலை நிறுத்தியவன் நான்தான்.

டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தைக் கவனிப்பது என் வேலை. எல்லோருக்கும் பொதுவான பெரிய கணினியில் என்னென்ன ஓடுகிறது என்பதை என் மேசைக் கணினியில் ஒரு செயலி வரிசையாகக் காட்டும். பெயர், ஓடிய நேரம், பிடித்திருக்கும் நினைவகம். ஒரு வரியைத் தேர்ந்து ‘நிறுத்து’ என்றால் அது போய்விடும். திரும்ப வராது!

அன்று காலை பதினொன்று பத்துக்குக் கணினி திணறியது. பட்டியலின் உச்சியில், ஆங்கில எழுத்தில், ‘சும்மா’ என்றொரு பெயர். ஆய்வு மாணவர்கள் எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் கணக்கில் ஓடியது. யாருடையது என்று தெரியவில்லை.

பக்கத்து இருக்கை யாதவ் எட்டிப் பார்த்தார். “யே சும்மா க்யா ஹை, சார்?”

“குச் நஹீ, பாயி! சும்மா மத்லப் குச் நஹீ.” சும்மா என்றால் ஒன்றுமில்லை என்று இந்தியில் விளக்கினேன்.

யாரையாவது கேட்டுவிடலாமே என்றார். சிரித்தேன். தமிழ் எனக்கல்லவா தெரியும்! நிறுத்தினேன்.

தெரியாதவர் கேட்கச் சொன்னார். தெரிந்தவன் கேட்கவில்லை...

மூன்று மணிக்குக் கயல்விழி ஓடிவந்தாள். முனிர்காவில் அறை எடுத்து ஆய்வு செய்யும் மதுரைப் பெண்.

“சார், என் சும்மாவக் காணோம் சார்! பேரு எதுவும் தோணாம சும்மான்னு வச்சேன். இன்னும் மூணே நாள்ல முடிஞ்சிருக்கும்...”

அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அந்த நிரல் தரும் முடிவுக்காகக் காத்திருந்தது. மறுபடி ஓட்ட இருபது நாள் வேண்டும். சமர்ப்பிக்க எஞ்சியிருந்தது எட்டு நாள்.

“கரண்ட் போச்சும்மா.”

“யு.பி.எஸ். இருக்கே சார்?”

“அதுவும் நின்னுடுச்சு.”

யாதவ் தேநீர் குடிக்கப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இந்தப் பொய்யைச் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை தொடங்கிய நிமிடத்தைக்கூடக் குறிப்பவன். அன்று அதிலும் ‘மின்தடை, 11.14’ என்றே எழுதினேன். யாருக்குப் பயந்து? என்னைத் தவிர அதை வாசிப்பவர் யார்?

அந்த அத்தியாயம் இல்லாமலே ஆய்வேட்டைக் கொடுத்தாள். முழுமையில்லை என்று திருப்பிவிட்டார்கள். உதவித்தொகையும் நின்றது. ஊருக்குப் புறப்படும் முன் விடைபெற வந்தாள்.

“நடுநடுவுல சேமிச்சுக்கிற மாதிரி எழுதியிருக்கணும் சார். தப்பு என் மேலதான்.”

நீங்களாக இருந்தால் அந்த இடத்திலாவது சொல்லியிருப்பீர்கள்...

“ஆமாம்மா,” என்றேன். “எழுதியிருக்கணும்.”